நாற்பத்தொரு லிங்க்

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு நான்காவது மறுப்பும் வந்து சேர்ந்தது. மூன்றே வரி. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, தங்கள் விண்ணப்பத்தை இப்போது பரிசீலிக்க இயலவில்லை, தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.

பெரியவள் அதைச் செல்போனில் படித்தாள். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள். தடவி முடித்த ரொட்டியின் மேலேயே மறுபடியும் தடவினாள்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"இல்லையாம்."

போன வாரம் அந்த ஆஸ்பத்திரியின் மருந்தக மேலாளர் பெரியவளோடு நாற்பது நிமிஷம் உட்கார்ந்து பேசியிருந்தார். எப்போது சேர முடியும் என்று கேட்டிருந்தார். வெள்ளைக் கோட்டு தைக்க அளவுகூடக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்த அளவுச் சீட்டை என்ன செய்திருப்பார் என்று சின்னவள் யோசித்தாள். பெரியவள் அதையும் யோசித்ததாகத் தெரியவில்லை. ரொட்டியை நான்காக வெட்டி, நான்கையும் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்தாள்.

இந்தக் குடும்பத்தை இன்றுதான் முதல் தடவை சந்திக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவள் பதினோரு வருஷம் மருந்தாளுநராக இருந்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் கையால் கொடுத்த வலிப்பு மருந்தைக் குடித்த ஆறு வயதுச் சிறுமி இரண்டாம் நாள் இறந்துபோனாள். மறுநாள் பத்திரிகையில் பெரியவளின் முழுப் பெயர், படம், 'மருந்தாளுநரின் அலட்சியம்' என்ற தலைப்பு எல்லாம் வந்தன. பதினான்கு மாத விசாரணைக்குப் பிறகு தொழிற்சாலையிலேயே லேபிள் மாறிப்போனது தெரிந்தது. சீசாவில் எழுதியிருந்ததைப்போல மூன்று மடங்கு வீரியம் உள்ளே இருந்திருக்கிறது. அவள்மேல் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உரிமமும் அவளிடமே இருக்கிறது.

ஆனால் அவள் பெயரைக் கணினியில் தட்டினால் முதலில் வந்து நிற்பது அந்த 'அலட்சியம்'தான். வேலை கொடுக்க நினைக்கிற யாரும் பெயரைத் தட்டிப் பார்க்காமல் இருப்பதில்லை. இப்போது அவள் ஒரு சலவை நிலையத்தில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடிக்கிறாள்.

சின்னவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிறவள். அரை மில்லிமீட்டர் தவறினாலும் கண்ணாடி சட்டத்தில் உட்காராது என்பதால் எதையும் அளந்துதான் நம்புவாள். அம்மா முப்பத்தொரு வருஷம் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா வேறொரு ஊரில் வேறொரு குடும்பத்தோடு நலமாக இருக்கிறார். அவர் இந்தக் கதைக்குள் வரமாட்டார்.

பெரியவள் சலவை நிலையத்துக்குக் கிளம்பினாள். சின்னவள் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குக் கிளம்பினாள். படியிறங்கும்போது இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள். இன்று காற்று அதிகம் என்று பெரியவள் சொன்னாள். ஆமாம் என்றாள் சின்னவள். தெருமுனையில் பிரிந்தார்கள்.

*

பொது நூலகத்தின் முதல் மாடியில் சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு நடக்கிறது. பத்து வாரம். இணையத்தில் தேடினால் விடை எங்கிருந்து வருகிறது, எது முன்னால் நிற்கிறது, எது பின்னால் போகிறது என்று சொல்லித் தருகிறார்கள். கடையின் பெயர் மேலே வரவேண்டும் என்பதற்காகப் படிக்கிறேன் என்று சின்னவள் முதலாளியிடம் சொல்லியிருந்தாள். அதுவும் பொய்யில்லை, ஆனால் அவள் மனதில் இருந்தது வேறு.

வகுப்பில் ஏழு பேர். மீன்தொட்டி விற்கிறவர் ஒருவர், கல்யாணப் போட்டோகிராபர் ஒருவர், பழைய சாமான் வாங்கி விற்கும் தம்பதி, இன்னும் இரண்டு பேர். டீச்சருக்கு இருபத்தாறு வயதிருக்கும். வகுப்பிலேயே வயதில் குறைந்தவள் அவள்தான். அதனால் எல்லோரையும் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

முதல் வாரம் அவள் சொன்னதைக் கேட்டு எல்லோருக்கும் ஆச்சரியம். நாம் பட்டனை அழுத்தியதும் அந்த இயந்திரம் உலகம் முழுக்க ஓடித் தேடுவதில்லையாம். நாம் கேட்பதற்கு முன்பே ஊர் சுற்றி முடித்திருக்குமாம். சிலந்தி என்று ஒரு நிரலுக்குப் பெயர். அது ஒரு பக்கத்தைப் படிக்கும், அதிலிருக்கிற லிங்கைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததுக்கு. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பெரிய பட்டியல் போட்டு வைக்கும். புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதைப்போல. நாம் கேட்கும்போது பட்டியலைப் புரட்டி எடுத்துக் கொடுக்கும்.

"எங்க வீட்டம்மா மாதிரி," என்றார் மீன்தொட்டிக்காரர். "சாவி எங்கன்னு நான் கேக்குறதுக்கு முன்னாடியே அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அந்தப் பாடத்தைக் கேட்ட அன்றே சின்னவள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். அக்காள்மேல் குற்றமில்லை என்ற செய்தியும் அதே பத்திரிகையில் வந்ததுதான். உள்பக்கத்தில் நான்கே வரி. அது ஏன் தேடினால் வருவதில்லை? எடுத்துவைத்துப் பார்த்தாள். 'சம்பந்தப்பட்ட மருந்தாளுநர்' என்றுதான் போட்டிருந்தது. அக்காளின் பெயரே அதில் இல்லை. பழி சொல்லும்போது பெயரும் படமும் போட்டவர்கள், பழி நீங்கியபோது பெயரை விட்டுவிட்டார்கள். பெயர் இல்லாத பக்கத்தை அந்தப் பெயருக்கு யார் கொண்டுவந்து நீட்டுவார்கள்?

அன்றே பத்திரிகைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். பழைய செய்தியின் தலைமாட்டில், விசாரணையில் இவர் நிரபராதி என்று தெரிந்தது என ஒரு வரி சேர்க்கும்படி கேட்டாள். ஐந்து வாரமாகியும் பதில் இல்லை.

இன்றைய பாடம் வரிசை. ஒரே சொல் ஆயிரம் பக்கத்தில் இருந்தால் எதை முதலில் வைப்பது என்பதுதான் கேள்வி.

அதற்குப் பல கணக்குகள் உண்டு, முழுவதையும் வெளியே யாருக்கும் சொல்வதில்லை என்றாள் டீச்சர். சொல் பக்கத்தில் எங்கே இருக்கிறது, தலைப்பிலா உள்ளேயா, பக்கம் புதியதா பழையதா, தளம் எவ்வளவு நம்பகமானது என்று பலவற்றைப் பார்க்குமாம். ஆனால் ஆரம்பத்திலிருந்து இன்றுவரை முக்கியமாக இருப்பது ஒன்று.

"லிங்க்," என்றாள். "ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு லிங்க் குடுத்தா, அங்க போய்ப் பாருங்கன்னு கை காட்டுற மாதிரி. எத்தனை பேர் கை காட்டுறாங்க, காட்டுறவங்க யாரு, என்ன வார்த்தை சொல்லிக் காட்டுறாங்க, இதெல்லாம் பாக்கும். நிறைய கை நீளுற பக்கம் மேல வரும்."

போட்டோகிராபர் கை தூக்கினார். "திட்டுறதுக்காகக் கை காட்டினா? இந்தாளு மோசம், இந்தப் பக்கம் பொய்யின்னு சொல்லி லிங்க் குடுத்தா?"

டீச்சர் அவர் பக்கம் திரும்பினாள். "கோபத்துல நீட்டினாலும் கை அந்தப் பக்கம்தானே நீளுது அண்ணா. அது கோபமா, சிபாரிசான்னு சரியாப் பிரிச்சுப் பாக்கும்னு நம்பி உக்காந்திருக்க முடியாது. சில தளங்கள்ல, இந்த லிங்கைக் கணக்குல எடுக்காதேன்னு ஒரு குறிப்பு தானாவே சேந்துடும். எல்லா இடத்துலயும் சேராது."

சின்னவள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பிறகு பயிற்சி. ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால், எந்தெந்தப் பக்கங்கள் அதை நோக்கிக் கை காட்டுகின்றன என்று பட்டியல் தரும் கருவி ஒன்று இருக்கிறது. அவரவர் கடைப் பக்கத்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். மீன்தொட்டிக்காரரை நோக்கி இரண்டே பக்கங்கள் கை காட்டின. ஒன்று அவர் மைத்துனர் நடத்துவது. இன்னொன்றும் அவர் மைத்துனர் நடத்துவதுதான்.

சின்னவள் கடை முகவரியைப் போடவில்லை. பத்திரிகைச் செய்தியின் முகவரியைப் போட்டாள். அது அவளுக்கு மனப்பாடம்.

நாற்பத்தேழு பக்கங்கள் வந்தன.

முதல் பக்கம், மருந்தாளுநர்கள் பேசிக்கொள்ளும் தளம். திறந்தாள். 'ஒரு தாய்' என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார்கள். இரண்டாவது, பெற்றோர்கள் எழுதும் தளம். அதிலும் 'ஒரு தாய்'. மூன்றாவது, செல்லப் பிராணிகள் பற்றியது. அங்கேயும். பதினேழாவது, தோட்டம் போடுகிறவர்களுக்கானது. ரோஜா இலையில் கரும்புள்ளி வந்தால் என்ன செய்வது என்று நாலு பேர் பேசிக்கொண்டிருந்த இடத்தின் நடுவில் 'ஒரு தாய்' வந்து நின்றாள்.

"ஐயா, வணக்கம்.  கீழே உள்ள செய்தி பொய்.  என் மகள் குற்றமற்றவள்.  இதைப் படிக்கும் அனைவரும் உண்மையை அறிய வேண்டுகிறேன்."

'என் மகள்' என்பதற்குப் பக்கத்தில் அக்காளின் முழுப் பெயர் இருந்தது. அந்தப் பெயரின் மேலேயேதான் லிங்கும் இருந்தது. அழுத்தினால் நேராக 'அலட்சியம்' திறந்தது.

சின்னவள் எழுத்துகளைப் பார்க்கவில்லை, இடைவெளிகளைப் பார்த்தாள். ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பிறகும் இரண்டு இடைவெளி. இந்தக் காலத்தில் யாரும் அப்படி அடிப்பதில்லை. சின்ன வயதில் அவளுக்கும் அக்காளுக்கும் டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்தபோது அம்மா கட்டைவிரலைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டவைப்பாள். புள்ளி வைத்தால் மூச்சு விடணும், ஒரு தட்டு போதாது என்பாள்.

கடைசிவரை எண்ணினாள். நாற்பத்தேழில் நாற்பத்தொன்று அம்மா.

கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. லென்ஸ் அறுக்கும் மிஷினை நிறுத்தியதும் காதுக்குள் சற்று நேரம் எதுவுமே கேட்காதே, அந்த மாதிரி இருந்தது.

டீச்சர் பக்கத்தில் வந்து திரையைப் பார்த்தாள். சின்னவள் மறைக்கவில்லை, விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாதிக்குமேல் கணக்கில் எடுக்காதே என்ற குறிப்பு இல்லாதவை என்றாள். முடிந்தவரை நீக்கிவிடச் சொன்னாள். பத்திரிகைத் தளம் பெரியது, பழையது, இந்தக் கைகள் இல்லாவிட்டாலும் அது மேலே நின்றிருக்கலாம் என்றும் சொன்னாள்.

"இதனாலதான்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுக்கா. இதனால இல்லன்னும் சொல்ல முடியாது."

சின்னவள் தலையாட்டினாள். அதுதான் உள்ளதிலேயே மோசமான பதில் என்று அவளுக்குத் தோன்றியது.

வகுப்பு முடிந்து கணினியை அணைக்கப் போகும்போது மின்னஞ்சல் ஒன்று வந்தது. பத்திரிகையிலிருந்து. பழைய செய்தியில் புதிதாக எதையும் சேர்க்கும் வழக்கம் தங்களிடம் இல்லை; ஆனால் செய்தியில் பெயர் வந்தவரே கையெழுத்திட்டுக் கேட்டால், விசாரணை முடிவைக் கருதி அந்தப் பக்கத்தை முழுவதுமாக நீக்கிவிடத் தயார்; படிவம் இணைப்பில்; வெள்ளிக்கிழமைக்குள் வரவேண்டும்.

அதை இரண்டு தடவை படித்தாள். நூலகத்திலேயே படிவத்தை அச்செடுத்து, மடங்காமல் நோட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சந்தோஷம் வரவில்லை. இறங்கவேண்டிய நிறுத்தம்தான் வந்தது.

*

அம்மா கூடத்து மூலையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக, முழங்கை உடம்பை ஒட்டி, விசையைப் பார்க்காமல் அடித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்த சத்தம் கேட்டதும் திரையைச் சுருக்கினாள்.

"அம்மா, 'ஒரு தாய்'னு எழுதறது நீதானே?"

அம்மா திரும்பவில்லை. "எப்படித் தெரிஞ்சுது?" என்றாள்.

"புள்ளிக்குப் பின்னாடி ரெண்டு தட்டு."

அம்மா கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள், எனக்குத் தெரியாதா, ஆனாலும் பெற்ற வயிறு சும்மா இருக்குமா என்றாள். செய்தி வந்த மறுவாரம் தொடங்கியதாம். யாராவது ஒருவர் படித்து, அட இது அநியாயம் என்று நினைத்தால் போதும் என்று இருந்ததாம். செய்தியைக் காட்டாமல் செய்தி பொய் என்று எப்படிச் சொல்வது? அதனால் ஒவ்வொரு தடவையும் மறக்காமல் லிங்கையும் சேர்த்தேன் என்றாள். ஆபீஸில் கடிதத்தோடு நகல் இணைப்பதுபோல.

சின்னவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, காலையில் கேட்டதை மெதுவாகச் சொன்னாள். சிலந்தியைச் சொன்னாள், பட்டியலைச் சொன்னாள், கை காட்டுவதைச் சொன்னாள். போட்டோகிராபர் கேட்ட கேள்வியையும் டீச்சரின் பதிலையும் நோட்டைப் பார்த்தே படித்தாள். சத்தியம் பண்ண முடியாது என்று டீச்சர் சொன்னதையும் விடவில்லை.

முப்பத்தொரு வருஷம் ஆபீஸில் இருந்தவளுக்கு இரண்டாம் தடவை சொல்லவேண்டியிருக்கவில்லை.

"அப்ப நான் அவளுக்காகப் போட்டது ஒவ்வொண்ணும், அதைத் தூக்கி மேல வெச்சிருக்கு."

"வெச்சிருக்கலாம்மா."

"எத்தனை?"

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தி மூணு," என்று திருத்தினாள் அம்மா. "ரெண்டை அவங்களே எடுத்துட்டாங்க. சம்பந்தமில்லாத விஷயமாம்."

அதற்குப் பிறகு அம்மா அழுதிருந்தால் சின்னவள் ஏதாவது செய்திருப்பாள். அம்மா அழவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எங்கிருந்து ஆரம்பிக்கணும் என்று கேட்டாள். பிழையாக அடித்த தாளை உருவிவிட்டு அடுத்த தாளை மாட்டுகிற அதே முகம்.

இரண்டு மணியிலிருந்து நாலரை வரை இருவரும் ஒவ்வொன்றாக நீக்கினார்கள். சில இடங்களில் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. சில தளங்களில் எழுதியதை எழுதியவரே எடுக்க முடியாது. தோட்டக்காரர்கள் தளத்தைத் திறந்தபோது அம்மா எழுதியதற்குக் கீழே யாரோ பதில் போட்டிருந்தார்கள். ஒரு வருஷத்துக்கு முந்தைய பதில். 'உங்கள் மகளுக்கு எங்கள் ஆறுதல் அம்மா. உங்கள் ரோஜாவுக்கு என்ன பிரச்சினை?' என்று இருந்தது.

அம்மா அதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"நமக்கு ரோஜா இல்லையே," என்று சொல்லிவிட்டு நீக்கும் பட்டனை அழுத்தினாள்.

இருபத்தொன்பது போயின. பன்னிரண்டு அசையவில்லை.

*

பெரியவள் வரும்போது மணி ஐந்து. சலவைத் தூளின் வாசனையோடு வந்தாள். செருப்பைக் கழற்றி ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள். அம்மா எழுந்து நின்றுகொண்டு, தானே எல்லாவற்றையும் சொன்னாள். சின்னவளைச் சொல்ல விடவில்லை. எதையும் குறைக்கவும் இல்லை.

பெரியவள் கேட்டுவிட்டு, "சரி," என்றாள்.

"சரின்னா என்ன அர்த்தம்? திட்டிடு. வாய்க்கு வந்தபடி ஏதாவது திட்டிடு."

"வரலைம்மா."

"நாலு வேலை போயிருக்கு என்னால."

"உன்னாலன்னு தெரியாதே. அந்த டீச்சரே சொல்லலையா, யாராலயும் சொல்ல முடியாதுன்னு." கைப்பையை ஆணியில் மாட்டினாள். "டீ இருக்கா?"

டீ போட்டுக் கொடுத்தார்கள். குடித்தாள். சூடு அதிகமாக இருந்திருக்க வேண்டும், சின்னவளால் தம்ளரைத் தொடவே முடியவில்லை. பெரியவள் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சின்னவள் படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பத்திரிகை என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னாள். ஒரு கையெழுத்து போதும், திங்கட்கிழமையே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம், பக்கம் இல்லாமல் போனால் எத்தனை கை நீண்டாலும் அங்கே காட்ட ஒன்றும் இருக்காது, கொஞ்ச நாளில் சிலந்தியும் பட்டியலிலிருந்து எடுத்துவிடும் என்றாள். சொல்லும்போதே அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. ஆறு வாரத்தில் முதல் தடவை.

அம்மா பேனாவைத் தேடி எடுத்துவந்து மூடியைக் கழற்றி வைத்தாள்.

பெரியவள் படிவத்தை எடுத்து, மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல மேலிருந்து கீழே ஒரு தடவையும் கீழிருந்து மேலே ஒரு தடவையும் படித்தாள்.

"முழுசா எடுத்துடுவாங்களா? படத்தோட?"

"படத்தோடதான்க்கா. உன் மூஞ்சியே இனிமே அங்க இருக்காது."

"என் படம் இல்ல. கீழ இருக்கறது."

சின்னவளுக்குப் புரியவில்லை. பெரியவள் போனை எடுத்தாள். அந்தப் பக்கத்தைத் திறக்க அவள் எதையும் தட்டவேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே திறந்திருந்தது. தன் படத்தைத் தாண்டி, எழுத்துகளைத் தாண்டி, விரலால் தள்ளிக்கொண்டே கடைசிக்குப் போனாள். எத்தனையோ தடவை அந்தச் செய்தியைத் திறந்திருந்தும் சின்னவள் அக்காள் படத்துக்குக் கீழே போனதே இல்லை. அம்மாவும் போனதில்லை.

அங்கே சின்னதாக இன்னொரு படம் இருந்தது. மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு சிறுமி. முன்பல் விழுந்திருந்தது. யாரோ பக்கத்தில் சிரிக்கவைத்திருக்கிறார்கள், கண் கேமராவைப் பார்க்காமல் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"தினமும் பாப்பேன்," என்றாள் பெரியவள். "காலையில பஸ்ல போறப்போ. அவ பேரைத் தட்டினா இது ஒண்ணுதான் வருது. வேற எதுவுமே இல்ல. மூணு வருஷமா பாக்குறேன், வேற ஒண்ணும் புதுசா வரல. இதை எடுத்துட்டா அவ பேருக்கு எதுவுமே வராது."

பேனா திறந்தபடியே மேஜைமேல் கிடந்தது.

"அவங்க வீட்டுல படம் இருக்கும்க்கா," என்றாள் சின்னவள்.

"இருக்கும்."

"அப்புறம் என்ன? நீ என்ன தப்பு பண்ண? பக்கத்த எடுக்கறது ஒண்ணும் அந்தக் குழந்தைய..."

அம்மா கொஞ்சம் கடுமையாகவே பேசினாள். ஊரான் வீட்டுத் துக்கத்தையெல்லாம் நீ ஒருத்தி சுமக்கவேண்டியதில்லை, உனக்கும் முப்பத்தெட்டு வயதாகிறது, விரிப்பு மடித்தே ஆயுளைக் கழிக்கப்போகிறாயா என்று கேட்டாள். கேட்டு முடித்தபிறகு, இந்த வீட்டில் தனக்கு இன்று பேச வாய் உண்டா என்று நினைத்தவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெரியவள் படிவத்தை நேராக்கி மேஜை விளிம்போடு விளிம்பாக வைத்தாள்.

"கையெழுத்துப் போடமாட்டேன்னு சொல்லல," என்றாள். "அவங்களைக் கேக்கணும்."

"யாரை?"

"அவ அம்மாவை."

விசாரணை நடந்த பதினான்கு மாதமும் இரண்டு வக்கீல்களும் அவர்களைப் பேசவிட்டதில்லை. அதற்குப் பிறகு பேச யாருக்கும் தைரியம் இல்லை. அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாளோ, எந்த நிலையில் இருக்கிறாளோ, அவர்கள் நம்பருக்கு எங்கே போவது என்று சின்னவள் கேட்டாள். கேட்டால் அக்காள் அதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தாள்.

"நம்பர் இருக்கு என்கிட்ட."

"எப்படி?"

பெரியவள் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"அந்த மருந்து அப்போ ஸ்டாக் இல்ல. வந்ததும் சொல்லுங்கன்னு நம்பரை எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. நான்தான் கூப்பிட்டேன். மருந்து வந்துருச்சு, வந்து வாங்கிக்கோங்கன்னு. அஞ்சு நிமிஷத்துல ஓடி வந்தாங்க."

அம்மாவின் கை ஜன்னல் கம்பியை இறுக்கியது.

இதைப் பெரியவள் விசாரணையில் சொல்லியிருக்கலாம். கேள்விக்குப் பதிலாக, தேதியோடு. வீட்டில் சொன்னது இதுதான் முதல் தடவை. சின்னவளுக்கு அக்காளின் தோளைத் தொடவேண்டும்போல இருந்தது. தொட்டாள். துணிக்குள் ஒரு நாற்காலியின் முதுகைத் தொட்டதுபோல இருந்தது, அது அசையவில்லை.

"நாளைக்குப் பேசலாம்க்கா. யோசிச்சுட்டுப் பேசலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரமிருக்கு."

"மூணு வருஷம் யோசிச்சாச்சு."

பெரியவள் எண்ணைத் தேடினாள். அது பெயரில்லாமல் 'மருந்து வந்ததும்' என்ற குறிப்போடு சேமிக்கப்பட்டிருந்தது. அழுத்தினாள். போனைக் காதில் வைத்துக்கொள்ளாமல், எதிர்முனையில் மணி அடிப்பது மூன்று பேருக்கும் கேட்கும்படி மேஜைமேல், படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நான்கு தடவை அடித்தது. ஐந்து. எண் மாறியிருக்கும் என்று சின்னவள் நினைத்தாள். மாறியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

ஏழாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு குழாயை மூடினார்கள்.

"ஹலோ, யாரு?"

ஒரு பெண்ணின் குரல். சாதாரணமான, சாயங்காலக் குரல்.

பெரியவள் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, போனுக்கு அருகில் குனிந்து, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்கும்படி தன் முழுப் பெயரையும் சொன்னாள்.